டாஷ்போர்டின் டம்மி பொத்தானில் ஃபாக் லேம்ப்: ரிலே முதல் ஃபியூஸ் வரை முழுமையான வழிகாட்டி

பேஸ் மாடல் கார் வாங்கியவர்களுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். ஸ்டீயரிங்குக்கு வலப்புறம், முழங்காலுக்குச் சற்று மேலே, வரிசையாகச் சில கட்டங்கள். ஒன்றில் ஹெட்லைட் உயரத்தை மாற்றும் சக்கரம் இருக்கும். மற்றவை எழுத்தும் படமும் இல்லாத மொட்டைப் பிளாஸ்டிக். உதிரிபாகக் கடைகளில் இதற்கு டம்மி என்று பெயர். பல் போன இடத்துக்கே நாக்கு போவதைப் போல, சிக்னலில் நிற்கும்போதெல்லாம் என் விரல் அங்கேதான் போகும்.

அந்த டம்மியில், பனிமூட்டத்தில் சாலையைக் காட்டும் ஃபாக் லேம்ப்புக்கு ஒரு பொத்தானைப் பொருத்தித் தரச் சொல்லி முதலில் ஒரு கடையில்தான் விட்டேன். ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார்கள். பார்க்கவும் நன்றாக இருந்தது. அடுத்த மாதம் ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடப்பதற்குள் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. பொத்தானை அமுக்கினேன், அணையவில்லை. சாவியைத் திருப்பி எடுத்தேன், அப்போதும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பானெட்டைத் திறந்து பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிய பிறகுதான் அணைந்தது. இறங்கி வந்து பிரித்துப் பார்த்தால், இரண்டு விளக்குகளின் மொத்த மின்னோட்டமும் அந்தக் குட்டிப் பொத்தான் வழியாகவே போயிருக்கிறது. சிறு ஓட்டத்தைக் கொண்டு பெரிய ஓட்டத்தைத் திறந்து மூடும் ரிலே இல்லை. ஃபியூஸும் இல்லை. பேட்டரியிலிருந்து நேராகப் பொத்தான், பொத்தானிலிருந்து நேராக விளக்கு.

அதன்பிறகு மொத்தத்தையும் பிடுங்கிவிட்டு நானே செய்தேன். கீழே வருவது அப்படிச் செய்த முறை. இதில் வரும் ஒவ்வொரு முடிவையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடுத்தேன்: ஏதாவது கெட்டுப்போனால் விளக்கு தானாக அணையுமா, அல்லது தானாக எரியுமா? எரிய வைப்பது சுலபம், இரண்டு வயரைத் தொட வைத்தால் போதும். எந்த நிலையிலும் அணைவதற்குத்தான் இத்தனை வேலையும்.

முதலில் பொத்தானைத் தெரிந்துகொள்ளுங்கள்

எந்த வயரையும் வாங்கும் முன் டம்மியைக் கழற்றிப் பாருங்கள். நெம்புவதற்கு ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், பிளாஸ்டிக்கில் அது பதித்த தழும்பு வண்டி விற்கும்வரை இருக்கும். ஐஸ்கிரீம் குச்சியோ, காலாவதியான ஏடிஎம் அட்டையோ போதும். இன்னும் நல்ல வழி, ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள பலகையை எடுத்துவிட்டு, பின்னாலிருந்து விரலால் தள்ளுவது. அந்தப் பலகை பெரும்பாலும் இரண்டு ஸ்க்ரூக்களிலும் சில கிளிப்புகளிலும்தான் நிற்கும். அங்கே மஞ்சள் நிறக் கப்ளரோ (வயர்களைச் செருகி இணைக்கும் பிளாஸ்டிக் முனை), மஞ்சள் உறை போட்ட வயரோ கண்ணில் பட்டால் அது ஏர்பேக்குக்குப் போவது. அதைத் தொடவும் வேண்டாம், அதில் மீட்டர் வைக்கவும் வேண்டாம்.

டம்மி கையில் வந்ததும், அந்தத் துளைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். வெறும் காற்று மட்டும் இருக்கலாம். அல்லது டேப் சுற்றி வயரிங் கட்டோடு ஒட்டிவைத்த ஒரு கப்ளர் தொங்கலாம். சில வண்டிகளில் எல்லா மாடல்களுக்கும் ஒரே வயரிங்கைப் போட்டுவிட்டு, பேஸ் மாடலில் விளக்கையும் பொத்தானையும் மட்டும் குறைத்திருப்பார்கள். அப்படிக் கிடைத்தால் உங்கள் வேலை பாதியாகக் குறையும்: டாப் மாடலின் பொத்தான், ரிலே, ஃபியூஸ், விளக்கு ஆகியவற்றை அதனதன் இடத்தில் செருகினால் எரிந்துவிடக்கூடும். ஆனால் பம்பருக்குப் பின்னாலும் அதே வயரிங்கின் மறுமுனைக் கப்ளர் இருக்கிறதா என்று பார்க்காமல் மகிழ்ச்சி அடைய வேண்டாம். அண்மைக்கால வண்டிகளில் பொத்தான் நேராக ரிலேயை இயக்குவதில்லை. அது பாடி கண்ட்ரோல் மாட்யூல் என்ற கணினிப் பெட்டிக்கு ஒரு சிறு சமிக்ஞை அனுப்பும், ரிலேயை இயக்குவது அந்தப் பெட்டிதான். அதில் ஃபாக் லேம்ப் வசதி திறக்கப்படாமல் இருந்தால் எதைச் செருகினாலும் எரியாது. அந்தப் பெட்டிக்குப் போகும் வயரில் நீங்களாக 12 வோல்ட் கொடுத்துப் பார்ப்பது, ஒரு விளக்குக்காக முழு வண்டியையும் பணயம் வைப்பதற்குச் சமம்.

காற்று மட்டும்தான் இருக்கிறது என்றால், என் வண்டியைப் போல, முழுவதையும் புதிதாகப் போட வேண்டும். ஒருவகையில் அதுவே நிம்மதி. வண்டியின் சொந்த வயரிங்கில் கைவைக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும்.

துளையின் நீள அகலத்தை அளந்து, அதே அளவில் பொத்தான் வாங்குங்கள். உங்கள் காரின் டாப் மாடலில் ஃபாக் லேம்ப் பொத்தான் ஸ்டீயரிங் தண்டிலேயே இருந்தால், டாஷ்போர்டுக்கு அந்த நிறுவனத்தின் பொத்தான் கிடைக்காது. அப்போது அதே நிறுவனத்தின் வேறு காருக்கு வரும் பொத்தானைப் பாருங்கள்; துளை அளவு ஒன்றாகவே இருப்பதுண்டு. பழைய டம்மியைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்வது எல்லா அளவுகோலையும்விட நம்பகமானது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது, அமுக்கினால் உள்ளேயே நிற்கும் வகையா, விட்டதும் வெளியே வந்துவிடும் வகையா என்பது. நமக்கு வேண்டியது நிற்கும் வகை. கதவு மணி போல விட்டதும் மீளும் வகையாக இருந்தால், ஒருமுறை அமுக்கினால் எரியவும் மறுமுறை அமுக்கினால் அணையவும் ஒரு தனி டாகிள் மாட்யூல் வேண்டும். அதையும் பயன்படுத்தலாம். ஒரு நிபந்தனை: மின்சாரம் நின்று திரும்ப வந்தால் அந்த மாட்யூல் அணைந்த நிலையில்தான் தொடங்க வேண்டும். மேசைமேல் வைத்து பேட்டரியைப் பிடுங்கிச் செருகிப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே வண்டியில் போடுங்கள்.

எந்தக் காலில் என்ன இருக்கிறது

பொத்தானின் பின்னால் நான்கு முதல் ஆறு கால்கள் இருக்கும். கடைக்காரர் சொல்வதையோ, அட்டைப் பெட்டியில் அச்சிட்ட படத்தையோ நம்ப வேண்டாம். மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில், அதாவது பீப் ஒலி வரும் நிலையில், வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஐந்து கால் என்றால் பத்து ஜோடி. ஒவ்வொன்றையும் பொத்தான் வெளியே இருக்கும்போது ஒருமுறை, உள்ளே இருக்கும்போது ஒருமுறை என இருபது அளவுகள். பத்து நிமிட வேலை. உள்ளே இருக்கும்போது மட்டும் பீப் அடிக்கும் ஜோடிதான் நமக்கு வேண்டிய சுவிட்ச்.

மீதிக் கால்களில் இரண்டு, இரவில் பொத்தானின் படம் தெரிவதற்கான வெளிச்சத்துக்கு. இன்னொன்று, பொத்தான் இயங்குகிறது என்று காட்டும் சிறு எல்இடிக்கு. இவற்றைக் கண்டுபிடிக்க 9 வோல்ட் பேட்டரியோடு 1 கிலோஓம் ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்த்துத் தொட்டுப் பாருங்கள். ரெசிஸ்டர் இருப்பதால் தவறான காலில் பட்டாலும் எதுவும் எரிந்துபோகாது. ஒரு திசையில் மட்டும் எரிந்தால் எல்இடி; பழைய பாணிக் குட்டி பல்பு இந்தச் சிறு ஓட்டத்தில் எரியாது, ஆனால் பொத்தான் உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் மீட்டரில் சில ஓம் காட்டும். கிடைத்த விடையை ஒரு தாளில் படமாக வரைந்து, கால்களுக்கு எண் போட்டுக்கொள்ளுங்கள். இந்தத் தாள் கடைசிவரை தேவைப்படும்.

கணக்கு

எச்11 வகை ஹாலஜன் பல்பு 55 வாட். இரண்டுக்கு 110 வாட். 12 வோல்ட்டில் வகுத்தால் 9 ஆம்பியருக்குச் சற்று மேல். டாஷ்போர்டுப் பொத்தான் ஒன்று அரை ஆம்பியருக்கு மேல் தாங்கும் என்று நான் எடுத்துக்கொள்வதே இல்லை. ஒன்பதை அதன் தலையில் ஏற்றியதுதான் வால்பாறைச் சாலையில் வந்த வாடை.

ரிலேயின் வேலை இங்கேதான். அதன் உள்ளே இருக்கும் சுருளை இயக்க 150 மில்லிஆம்பியர் அளவே போதும். பொத்தான் அந்தச் சிறு ஓட்டத்தை மட்டும் தாங்கும். பெரிய ஓட்டம் பானெட்டுக்கு அடியிலேயே, பேட்டரியிலிருந்து ரிலே வழியாக விளக்குக்குப் போய்விடும். கார்களில் வழக்கமாக வரும் நாலு கால் ரிலேயில் 30, 87, 85, 86 என்று எண்கள் பொறித்திருக்கும். 30 பேட்டரி பக்கம், 87 விளக்குப் பக்கம், 85-ம் 86-ம் சுருளின் இரு முனைகள். 87ஏ என்று ஐந்தாவது கால் இருந்தால் அதில் எதையும் மாட்ட வேண்டாம். ரிலே அணைந்திருக்கும்போது மின்சாரம் வரும் கால் அது.

விளக்குக்கான ஃபியூஸ் 15 ஆம்பியர், நீல நிறம். பல்பு எரியத் தொடங்கும் நொடியில் இழை குளிர்ந்திருப்பதால் ஓட்டம் கூடுதலாகப் பாயும். 10 ஆம்பியர் போட்டால் இன்றோ நாளையோ போய்விடும். எல்இடி விளக்கு என்றால், பெட்டியில் எழுதிய வாட்டை நம்பாமல் மீட்டரில் ஓட்டத்தை அளந்து, அதைவிட ஒன்றரை மடங்கு ஃபியூஸ் போதும்.

வயர்: ரிலே வரைக்கும், ரிலேயிலிருந்து விளக்குக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு. 1.5 போதாதா என்றால், சூடாகாது, ஆனால் வெளிச்சம் குறையும். மூன்று மீட்டர் நீளத்துக்கு 1.5-ல் 9 ஆம்பியர் ஓடும்போது சுமார் 0.3 வோல்ட் வழியிலேயே போகிறது, 2.5-ல் 0.2-க்கும் குறைவு. ஹாலஜன் பல்பில் வோல்ட் சிறிது குறைந்தாலும் ஒளி அதைவிட வேகமாகக் குறையும். பொத்தானுக்குப் போகும் வயருக்கு 0.5 அல்லது 0.75 போதும். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய துண்டுகளை இங்கே கொண்டுவர வேண்டாம். பானெட்டுக்கு அடியில் உள்ள வெப்பத்துக்கும் எண்ணெய்க்கும் அவை செய்யப்பட்டவை அல்ல.

பொத்தானைப் பாசிடிவ் பக்கத்தில் வைப்பதா, எர்த் பக்கத்திலா

சுருளுக்கு இரண்டு முனை இருப்பதால் பொத்தானை எந்தப் பக்கத்திலும் வைக்கலாம், இரண்டிலும் வேலை செய்யும். பல கடைகளில் எர்த் பக்கத்தில், அதாவது பேட்டரி நெகடிவோடு இணைந்த இரும்பு பாடியின் பக்கத்தில், வைப்பார்கள். பொத்தானுக்கு ஒரே வயரை இழுத்து, மறுகாலை அங்கேயே பாடியில் எர்த் கொடுத்துவிடலாம், வேலை சீக்கிரம் முடியும்.

நான் மறுக்கிறேன். பொத்தானிலிருந்து ரிலேக்குப் போகும் வயர், வண்டியில் மிக அதிகம் உரசும் வயர். என்ஜின் அறைக்கும் வண்டியின் உள்பக்கத்துக்கும் நடுவே உள்ள தகரச் சுவரான ஃபயர்வாலைக் கடக்கிறது, இரும்பு விளிம்புகளைத் தொட்டுப் போகிறது. என்றாவது ஒருநாள் அதன் தோல் தேய்ந்து செம்பு பாடியில் பட்டது என்று வையுங்கள். பொத்தான் எர்த் பக்கத்தில் இருந்தால், அந்த உரசலே எர்த் ஆகிவிடும், ரிலே இயங்கிவிடும், ஆள் இல்லாத வண்டியில் நள்ளிரவில் விளக்கு எரியும். பொத்தான் பாசிடிவ் பக்கத்தில் இருந்தால் அதே உரசல் சிறு ஃபியூஸை அடித்துவிடும். விளக்கு எரியாது, அவ்வளவுதான். என் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை கிடையாது.

ஆக, இணைப்பு இப்படி வரும். பேட்டரி பாசிடிவிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலே 30. ரிலே 87-லிருந்து இரண்டு விளக்குகளுக்கும் கிளை. விளக்குகளின் மறுமுனை பாடி எர்த். இது ஒரு சுற்று. இரண்டாவது, வண்டிக்குள் இருக்கும் ஃபியூஸ் பெட்டியிலிருந்து 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ் வழியாகப் பொத்தான், பொத்தானிலிருந்து ரிலே 86, ரிலே 85-லிருந்து எர்த். ஃபயர்வாலைக் கடப்பது ஒரே ஒரு மெல்லிய வயர்.

சுருள் அணையும் நொடியில் எதிர்த்திசையில் ஒரு மின் உதை கிளம்பும். அது பொத்தானின் முனைகளைச் சிறிது சிறிதாகத் தின்னும், அருகிலுள்ள மின்னணுப் பெட்டிகளுக்கும் நல்லதல்ல. 85-க்கும் 86-க்கும் குறுக்கே 1என்4007 டயோடு ஒன்றை, வெள்ளைக் கோடு 86 பக்கம் இருக்குமாறு வையுங்கள். உள்ளேயே டயோடு வைத்து வரும் ரிலேயும் உண்டு, மேலே படம் போட்டிருக்கும். இரண்டிலும் 85, 86 மாறிப்போனால் டயோடு நேராக ஷார்ட் ஆகும். சிறு ஃபியூஸ் போய்விட்டதே என்று பெரியதைப் போட்டுவிடாதீர்கள், வயரை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்.

மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது

பொத்தானுக்கான 12 வோல்ட்டைப் பார்க்கிங் விளக்கின் ஃபியூஸிலிருந்து எடுக்கிறேன். நிறுவனங்களே பொருத்தித் தரும் ஃபாக் லேம்ப்பும் பெரும்பாலும் இப்படித்தான்: பார்க்கிங் விளக்கு எரிந்தால்தான் எரியும். இறங்கும்போது விளக்குகளை அணைத்தால், டம்மி இடத்தில் இருந்த பொத்தானை நீங்கள் மறந்தே போனாலும் ஃபாக் லேம்ப் சேர்ந்து அணையும். சில வண்டிகளில் பார்க்கிங் விளக்கு வயரில் தொடர்ந்த 12 வோல்ட்டுக்குப் பதில் விட்டு விட்டு வரும் துடிப்பு இருக்கும், அதில் ரிலே தேனீ போல ரீங்காரமிடும். அப்படியானால் சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் வேறொரு ஃபியூஸைத் தேர்ந்தெடுங்கள். ஏர்பேக், பிரேக், என்ஜின் என்று எழுதிய ஃபியூஸ்கள் பக்கம் போகவே வேண்டாம்.

எடுப்பதற்கு ஃபியூஸ் டேப் என்ற சாதனம் கிடைக்கும். ஒரே துளையில் செருகி, வண்டியின் பழைய ஃபியூஸையும் நம் புதிய ஃபியூஸையும் அதில் அடுக்குவது. இதில் அனைவரும் தவறவிடும் ஒரு விஷயம் திசை. ஃபியூஸைக் கழற்றிவிட்டு, பார்க்கிங் விளக்கைப் போட்டு, துளையின் இரு பக்கங்களையும் மீட்டரால் அளந்தால் ஒன்றில் மட்டும் 12 வோல்ட் வரும். ஃபியூஸ் டேப்பின் இரண்டு கால்களில் எது இரண்டு ஃபியூஸுக்கும் பொதுவானது என்று பீப் வைத்துக் கண்டுபிடித்து, அந்தக் காலை 12 வோல்ட் வரும் பக்கத்தில் செருகுங்கள். திருப்பிச் செருகினாலும் விளக்கு எரியும், ஆனால் நம் ஓட்டமும் பழைய ஃபியூஸ் வழியாகவே போகும். ஃபியூஸ் உயரங்களிலும் மினி, குட்டை மினி என்று வகை உண்டு. பழைய ஃபியூஸைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

வேலை

பேட்டரி நெகடிவை 10 மில்லிமீட்டர் ஸ்பேனரால் கழற்றி, அது திரும்பப் படாதபடி துணியால் சுற்றி ஒதுக்கி வையுங்கள். ஏர்பேக் அமைப்பில் மிச்ச மின்சாரம் வடிய, ஒரு தேநீர் குடிக்கும் நேரம் காத்திருங்கள். இதற்கு முன்பே வண்டி தூங்கும்போது எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று ஒருமுறை அளந்து எழுதிவைத்திருந்தால் நல்லது. எப்படி என்று கீழே வருகிறது.

ஃபியூஸ் ஹோல்டரை பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் வையுங்கள். ஃபியூஸ் காப்பாற்றுவது விளக்கை அல்ல, வயரை. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையில் உள்ள வயருக்குக் காவல் யாருமில்லை, ஆகவே அது குட்டையாக இருக்க வேண்டும். ரிலேயைக் கால்கள் கீழே பார்க்கும்படி மாட்டினால் தண்ணீர் தேங்காது.

ஃபயர்வாலில் புதிதாகத் துளை போடும் ஆசை வரும். போடாதீர்கள். வண்டியின் பெரிய வயரிங் கட்டு நுழையும் துளையில் குரோமெட் என்ற ரப்பர் அடைப்பு ஏற்கெனவே இருக்கிறது. அதன் ஓரத்தில், வயர்கள் இல்லாத சதையில், கூரில்லாத கம்பியால் துளைத்து, அந்தக் கம்பியின் முனையில் வயரை டேப்பால் ஒட்டி இழுங்கள். வெளியே வந்ததும் வயரைச் சிறிது கீழே தொங்கவிட்டு பிறகு மேலே ஏற்றுங்கள். மழைநீர் வயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வராமல், தொங்கும் அந்த வளைவில் சொட்டிவிடும். உள்பக்கத்தில் பெடல்களுக்கும் ஸ்டீயரிங் தண்டுக்கும் எட்டாத பாதையில் கட்டிவிட்டு, மூன்று பெடல்களையும் கடைசிவரை அமுக்கியும், ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பியும் பாருங்கள்.

இணைப்புகளைப் பற்றிப் பேசினால் எனக்குக் கோபம் வரும். வயரை முறுக்கி டேப் சுற்றுவது இணைப்பல்ல. நம் ஊர் வெயிலில் நிறுத்திய வண்டியில் அந்த டேப்பின் பசை உருகி, ஒரு வருடத்தில் டேப் தானாக அவிழ்ந்து நிற்கும். பழைய வயரைக் கத்தி போலக் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்பும் வேண்டாம், அது செம்பு இழைகளில் பாதியை அறுத்துவிடும். சோல்டரிங் வலுவானதுதான், ஆனால் ஈயம் ஊறிய வயர் விறைத்துப்போய், அதிர்வில் ஈயம் முடியும் இடத்தில் முறியும். வயர் முனையை நசுக்கிப் பிடிக்கும் கிரிம்பிங் இடுக்கி சரியானதாகப் பார்த்து, அதால் லக் என்ற உலோக முனையை அடித்து, அதன்மேல் சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். ஸ்லீவை வயரில் கோத்துவிட்டு லக் அடிக்க மறக்கக் கூடாது. நான் மறந்து வெட்டிய லக்குகளை எண்ணிச் சொன்னால் வெட்கக்கேடு. அடித்த ஒவ்வொரு லக்கையும் வயரோடு பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் இப்போது வந்ததே என்று மகிழுங்கள்.

எர்த் கொடுக்கும் இடத்தில் பெயின்டை வெள்ளி போல உலோகம் தெரியும்வரை சுரண்டி, பல் வாஷர் வைத்து முறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். இல்லாவிட்டால் துரு பிடிக்கும். ஃபாக் லேம்ப் மங்கலாக எரிகிறது என்று பல்பை மாற்றுபவர்களில் பாதிப் பேருக்கு உண்மையான நோய் இந்த எர்த்தில்தான்.

பொத்தானின் இரவு வெளிச்சத்துக்கான பாசிடிவையும் அதே ஃபியூஸ் டேப் வயரிலிருந்து கிளை பிரித்துக் கொடுக்கலாம். பார்க்கிங் விளக்கோடு அதுவும் எரியும். இயங்குவதைக் காட்டும் எல்இடிக்கு, பொத்தானின் வெளியேறும் காலிலிருந்து எடுங்கள். உள்ளே ரெசிஸ்டர் இல்லாத எல்இடி என்றால் 1 கிலோஓம் சேர்க்காமல் 12 வோல்ட் கொடுக்க வேண்டாம்.

மூடுவதற்கு முன்

ஃபியூஸைச் செருகி, கண்ணை மூடிக்கொண்டு பேட்டரியை மாட்டுவது வேண்டாம். இரண்டு விளக்குகளின் கப்ளர்களையும் கழற்றுங்கள். 15 ஆம்பியர் ஃபியூஸின் இடத்தில், இரண்டு வயர் வைத்த 21 வாட் இண்டிகேட்டர் பல்பைத் தற்காலிகமாக மாட்டுங்கள். பிறகு பேட்டரி, பார்க்கிங் விளக்கு, பொத்தான். ரிலே டிக் என்று ஒலிக்க வேண்டும், பல்பு எரியக் கூடாது. எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது; ஆனால் பல்பு ஓட்டத்தை இரண்டு ஆம்பியருக்குள் கட்டிப்போட்டிருப்பதால் நிதானமாகத் தேடலாம். வயரை ஆங்காங்கே அசைத்துக்கொண்டே பாருங்கள், பல்பு கண் சிமிட்டும் இடம்தான் குற்றவாளி. விளக்குகளை மாட்டியபடியே இந்தச் சோதனையைச் செய்தால் பல்பு எரியத்தான் செய்யும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். குளிர்ந்த ஹாலஜன் இழையும் மின்சாரத்துக்குக் கிட்டத்தட்ட ஷார்ட் போலத்தான் தெரியும்.

அடுத்து ஃபியூஸைப் போட்டு, விளக்குகளை மாட்டி, என்ஜின் ஓடும்போது இரண்டு அளவுகள். பேட்டரி நெகடிவுக்கும் விளக்கின் நெகடிவ் காலுக்கும் இடையில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைத் திரும்பச் சுரண்டுங்கள். பேட்டரி பாசிடிவுக்கும் விளக்கின் பாசிடிவுக்கும் இடையில் அரை வோல்ட்டுக்கு மேல் என்றால் ஏதோ ஒரு லக் சரியாக அமரவில்லை.

இனி அணைந்த நிலை. என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து, பேட்டரி நெகடிவுக்கும் அதன் கேபிளுக்கும் நடுவில் தொடராக இணையுங்கள். கதவுகளைச் சாத்தி, கணினிப் பெட்டிகள் தூங்க அரை மணி நேரம் விடுங்கள். மீட்டர் இப்படி இருக்கும்போது யாரும் வண்டியை ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது, மீட்டர் போய்விடும். பல கார்களில் இது 50 மில்லிஆம்பியருக்குள் இருக்கும். உங்களுக்கு முக்கியம் அந்த எண் அல்ல, வேலைக்கு முன் எழுதிவைத்த எண்ணும் இதுவும் ஒன்றாக இருக்கிறதா என்பதே. ரிலேயின் சுருள் மட்டும் அணையாமல் விழித்திருந்தால்கூட 150 மில்லிஆம்பியர். சிறிய கார்களில் வரும் 35 ஆம்பியர்-மணி பேட்டரியை ஐந்து நாளில் பாதியாக்கிவிடும். ஒரு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பினால் வண்டி கிளம்பாது. விளக்கே எரிந்துகொண்டிருந்தால் நான்கு மணி நேரம்கூடத் தாங்காது.

விளக்கின் சாய்வையும் சரி பார்த்துவிடுங்கள். சமதரையில் சுவரிலிருந்து ஏழரை மீட்டர் தள்ளி நிறுத்தினால், சுவரில் விழும் ஒளியின் மேல் விளிம்பு விளக்கின் மையத்தைவிடச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். ஃபாக் லேம்ப் பனிக்கு அடியில் சாலையைத் தேடும் விளக்கு. மேலே தூக்கிவிட்டால் பனியே வெள்ளைச் சுவராகி உங்கள் கண்ணையும் எதிரே வருபவர் கண்ணையும் சேர்த்து மறைக்கும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 111-ஆம் விதி, முன்பக்கத்தில் ஸ்பாட் லைட், சர்ச் லைட் பொருத்துவதைப் பதிவு அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் தடை செய்கிறது. ஆகவே ஃபாக் லேம்ப் என்ற பெயரில் விற்கும் தொலைதூர ஒளி விளக்குகளை இந்தப் பொத்தானில் மாட்ட வேண்டாம். வாரண்டி காலத்தில் இருக்கும் வண்டி என்றால், பிற்பாடு வரும் மின் கோளாறுகளுக்கு இந்த வேலையைக் காரணம் காட்டி மறுக்க வாய்ப்பிருக்கிறது, அதையும் யோசித்துவிட்டு இறங்குங்கள்.

இதே முறையில் டேஷ்கேம், உள்விளக்கு, பின்பக்கக் கேமரா எதையும் இணைக்கலாம், ஃபியூஸ் அளவும் பொத்தானுக்கு மின்சாரம் எடுக்கும் இடமும் மாறும். 15 ஆம்பியரைத் தாண்டும் பெரிய ஏர் கம்ப்ரஸர், இன்வெர்ட்டர் போன்றவற்றுக்குத் தடித்த கேபிளும் வேறு ரிலேயும் வேண்டும்.

பலகையை மாட்டிய முதல் நாள், இருட்டில் இருபது நிமிடம் விளக்கைப் போட்டு ஓட்டிவிட்டு, பானெட்டைத் திறந்து ஃபியூஸ் ஹோல்டரையும் ரிலேயின் கால் பக்கத்தையும் விரலால் தொடுங்கள். வெதுவெதுப்பு இயல்பு. தொட்டதும் கையை எடுக்க வைத்தால் அங்கே லக் தளர்ந்திருக்கிறது, அன்றே அடித்துவிடுங்கள்.

கால் எண்கள் வரைந்த அந்தத் தாள் இருக்கிறதல்லவா, அதில் வயர்களின் நிறத்தையும் ஃபியூஸ் அளவுகளையும் எழுதி, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃபியூஸ் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். பேனாவில் எழுத வேண்டாம், ஈரத்தில் கரைந்துவிடும். பென்சில் நிற்கும்.